41 நாள் லீவு, ஒரு கடிதம்கூட இல்லை

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றைக்கே மகன் போக மறுத்தான். நான்காம் வகுப்பு, ஆட்டிசம் உண்டு, பேச்சு குறைவு. சீருடையைக் கையில் எடுத்தாலே காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். பள்ளியில் புதிதாகக் கரண்ட் மணி வைத்திருக்கிறார்கள், அதுவும் இவன் வகுப்பு வாசலிலேயே என்று எனக்குத் தெரியவே மூன்று வாரம் ஆனது. அதுவரை அடம் என்று நினைத்து நானும் அதட்டினேன். அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

தினமும் காலையில் வகுப்பாசிரியைக்குப் போன் செய்து, "இன்னைக்கு வரமாட்டான் மிஸ்" என்பேன். அவரும் "சரிம்மா, பாத்துக்கோங்க" என்பார். அவ்வளவுதான் நடைமுறை என்று நம்பியிருந்தேன். ஒருவழியாக அவனைத் தேற்றிக் கூட்டிப்போன அன்று அலுவலகத்தில், "41 நாளா வரலையே, எமிஸ்ல காமன் பூலுக்கு அனுப்பிட்டோம்மா" என்றார்கள். எமிஸ் என்பது கல்வித்துறையின் மாணவர் பதிவு இணையதளம்; காமன் பூல் என்பது அதில் எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகளின் பட்டியல். அதாவது என் பிள்ளை இப்போது எந்தப் பள்ளி மாணவனும் இல்லை. ஸ்பெஷல் ஸ்கூலில் சேர்த்திருப்போம் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்களாம். போன் செய்ததைச் சொன்னேன். "எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை.

தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள்: ஒரு நாள் லீவானாலும் காரணத்தோடு கடிதம் எழுதி, நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். 'உடல்நலமில்லை' என்று பொதுவாக எழுதாமல், 'மணிச் சத்தம் தாங்க முடியாததால் வரவில்லை' என்றே எழுதுங்கள். அப்போதுதான் சரிசெய்ய வேண்டியது பள்ளிக்கும் தெரியும்.

அடுத்து மாற்றுத்திறனாளி சான்று கேட்டார்கள். எங்களிடம் இருந்தது தனியார் கிளினிக் ரிப்போர்ட் மட்டும். அரசு மருத்துவமனையில் நான்கு மணி நேரம் காத்திருந்த பிறகு, உளவியலாளர் இன்று லீவு என்றார்கள். அந்தக் கூட்டத்திலும் இரைச்சலிலும் அவன் கையைக் கடித்துக்கொண்டான். போகும் முன் உளவியலாளர் எந்த நாளில் வருவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை என் தம்பி வெளியே மரத்தடியில் அவனை வைத்துக்கொள்ள, நான் மட்டும் வரிசையில் நின்றேன். ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற 40 கேள்வி ஆட்டிசம் மதிப்பீட்டைப் போட்டு, குறைபாடு 60 சதவீதம் என்று சான்று கொடுத்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடிக்கு விண்ணப்பித்தது சுலபம்.

சான்றோடு போனபோதும் தலைமையாசிரியர், "ஸ்பெஷல் ஸ்கூல்தான் அவனுக்கு நல்லதும்மா" என்றார். வழி காட்டியவர் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர். அவர் சொன்னவை இரண்டு சட்டங்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுவரையானவர்களுக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவு. ஆக, எந்தப் பள்ளி என்பதைத் தலைமையாசிரியர் தீர்மானிக்க முடியாது. இரண்டையும் குறிப்பிட்டு, பிரார்த்தனை முடிந்தபின் வர அனுமதியும் காது மறைக்கும் ஹெட்போனுக்கு அனுமதியும் வகுப்பு மாற்றமும் கேட்டு எழுதினேன். நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. நான்காம் நாள் எமிஸில் பெயர் திரும்ப ஏறிவிட்டது. அன்று பள்ளி வாசலிலேயே அழுதுவிட்டேன்.

இப்போது பத்து மணிக்குப் போகிறான், மதியச் சாப்பாட்டோடு திரும்புகிறான். வகுப்பை மாற்றிவிட்டார்கள், மணி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் இரண்டு நாள் போகவில்லை. இரண்டுக்கும் கடிதம் கொடுத்தாயிற்று. ஒன்றில் முத்திரை சரியாக விழவில்லை, நாளைக்குப் போய் மறுபடி வாங்க வேண்டும்.