சித்தப்பாவின் பஜார்

வத்தலக்குண்டிலிருந்து வந்த சித்தப்பாவுக்குச் சென்னையில் ஒரே ஒரு ஆசைதான். "தம்பி, பாண்டி பஜார்ல பாண்டிச்சேரிச் சாமானெல்லாம் கிடைக்குமாம்ல?" கேட்டுவிட்டுச் சித்தி பக்கம் ஓர் ஓரப்பார்வை. என்ன சாமான் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மூவரும் பனகல் பூங்காவில் இறங்கினோம். பூங்காவில் ஒரு பகுதி மெட்ரோ வேலைக்குப் போய்விட்டது. சித்தப்பா பெயர்ப்பலகையை உற்றுப் பார்த்தார். "பனகல்னா... பனங்கள்ளாடா?"

"பனகல் அரசர் சித்தப்பா. 1921லேருந்து 1926 வரைக்கும் மதராஸ் மாகாணத்துக்கு முதல் மந்திரி."

முகம் தொங்கிப்போனது.

தி.நகரே 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டான பேட்டை. அப்போது நீதிக்கட்சி ஆட்சி. அதனால் தியாகராயர், உஸ்மான், நடேசனார் என்று திரும்பின பக்கமெல்லாம் அந்தக் கட்சித் தலைவர்கள் பெயர்தான். (ஏரி மட்டும் இன்னும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. பெருமழை பெய்தால் பழைய வீட்டை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகும்.)

பஜாருக்குள் நுழைந்ததும் மிச்சமிருந்த ஆசையையும் உடைத்தேன். "பாண்டின்னா பாண்டிச்சேரி இல்ல சித்தப்பா. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர். பட்டிவீரன்பட்டிக்காரர்."

நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். "எது, நம்ம பட்டிவீரன்பட்டியா?"

அதற்கப்புறம் அவர் நடையே வேறு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பாகப்பிரிவினையில் வந்த தோப்பைச் சுற்றிப் பார்ப்பதுபோல் கடைகடையாக நின்று பார்த்தார். ஒரு செருப்புக் கடையில் 600 ரூபாய் என்றார்கள்.

"எங்க ஊர்க்காரர் பேர்ல பஜாரு, எனக்கே 600ஆ?"

கடைப்பையன் நிமிர்ந்தான். "ஐயாவுக்கு எந்த ஊரு?"

"வத்தலக்குண்டு."

"நமக்கு நிலக்கோட்டைங்கய்யா!"

அவ்வளவுதான். சித்தப்பா 600ஐயும் எண்ணி வைத்தார். "ஊர்க்காரப் பயகிட்டப் போயி பேரம் பேசலாமா?" என்று எனக்கு வேறு புத்திமதி.

நாலு கடை தாண்டினோம். அதே செருப்பு, அதே நிறம், 350 ரூபாய் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். சித்தி அட்டையைப் பார்த்தார், சித்தப்பாவின் காலைப் பார்த்தார், வாயே திறக்கவில்லை.

"அது வேற ஊர்க்காரன் கடை, நீ வா" என்று சித்தப்பா வேகமாக முன்னே நடந்தார்.