நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர்: நியான் டெட்ராக்களைப் பழக்கிய அனுபவம்

பாளையங்கோட்டையில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் மாநகராட்சி விடும் தாமிரபரணித் தண்ணீர் வரும். மற்றொன்றில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். குடிக்க நல்ல தண்ணீர், புழங்க உப்புத் தண்ணீர் என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மீன் வளர்ப்பவருக்கு இந்த இரண்டு குழாய்களும் பெரிய கொடை. நியான் டெட்ரா என்ற சிறு வண்ண மீன்களை வீட்டுத் தொட்டியில் நிலைபெறச் செய்தபோது அதை முழுதாக உணர்ந்தேன்.

மீனைத் தேர்ந்தெடுக்கும் முன்பே தண்ணீரை அளந்துவிட்டேன். நீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் நல்ல தண்ணீர் 130 காட்டியது, உப்புத் தண்ணீர் 1,150. ஆனால் டிடிஎஸ் மட்டும் போதாது. எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை அது சொல்லும், எந்த உப்பு என்பதைச் சொல்லாது. கால்சியம், மெக்னீசியம் உப்புகளால் வரும் கடினத்தன்மைக்குத் தனியாகச் சொட்டு மருந்துப் பரிசோதனை இருக்கிறது. சிறு குப்பியில் தண்ணீரை எடுத்து, ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும் வரை விடும் சொட்டுகளை எண்ண வேண்டும். ஒரு சொட்டு ஒரு டிகிரி. ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஆற்றுத் தண்ணீர் நான்கு சொட்டில் பச்சையாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீருக்கு இருபதைத் தாண்டியும் ஆரஞ்சு மாறவில்லை.

காரணம் நிலத்தில் இருக்கிறது. பொதிகையில் பெய்யும் மழை கடும்பாறைகளின் மேல் வழிந்து ஆறாகிறது. அங்கே கரைவதற்குச் சுண்ணாம்பு அதிகம் இல்லை. நிலத்தடி நீரோ நெடுங்காலம் மண்ணோடும் பாறையோடும் கிடந்து உப்பை ஏற்றிக்கொள்கிறது. வள்ளியூரில் என் சித்தப்பா வீட்டில் கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான். அங்கே மோலியும் கப்பியும் குட்டி போட்டுத் தொட்டியை நிறைத்துவிட்டன. மோலிக்குக் கடினமான, காரத்தன்மையுள்ள தண்ணீர்தான் சுகம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன்களுக்கும் அப்படியே. சித்தப்பா நியான் கேட்டபோது வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். வாதாம் இலை போட்டால் தண்ணீர் மென்மையாகிவிடும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். இலை தண்ணீருக்குச் சாயமும் துவர்ப்பும் தரும், மென்மையான நீரில் பிஎச் அளவைக் (புளிப்பு கூடினால் இறங்கும் எண்) கொஞ்சம் இறக்கவும் செய்யும். ஆனால் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கார்பனேட் அந்தப் புளிப்பை எல்லாம் விழுங்கிவிடும்.

நியான் அமேசான் காட்டு ஓடைகளின் மீன். மென்மையான, சற்றே புளிப்பான தண்ணீரில் தோன்றியது. அதனால் ஆற்றுத் தண்ணீர் தொட்டிக்கு அது பொருந்தும் என்று முடிவெடுத்தேன். ஆனால் ஒரு மீனின் பூர்வீகம் ஒன்று, நேற்றுவரை அது நீந்திய தண்ணீர் வேறொன்று. பலரும் முதலாவதைப் படித்துவிட்டு இரண்டாவதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கடையில் கேட்டேன்: "அண்ணாச்சி, இந்தத் தொட்டித் தண்ணீரில் ஒரு பாட்டில் தருவீர்களா?"

"மீன் வேண்டாமா தம்பி, தண்ணீர் மட்டும் போதுமா?" என்றார்.

"மீனுக்கு இன்னொரு நாள் வருகிறேன்" என்றதும் சிரித்துக்கொண்டே பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார். அந்த மீன்கள் சென்னை கொளத்தூரிலிருந்து வந்தவை என்றும், சில வாரங்களாகத் தன் கடையின் கிணற்றுத் தண்ணீரில் இருக்கின்றன என்றும் சொன்னார். வீட்டில் அளந்தால் டிடிஎஸ் 640. என் தொட்டியோ 130.

இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது. நன்னீர் மீனின் இரத்தத்தில், சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம். அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் ஓயாமல் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். வெளிநீரில் உப்பு சட்டென்று குறைந்தால் உள்ளே புகும் நீர் கூடுகிறது. செவுளும் சிறுநீரகமும் அந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்க நாட்கள் ஆகும். பையைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிடுவது வெப்பத்தை மட்டுமே சமன் செய்கிறது. ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது சிறிய இடைவெளியைக் கடக்க உதவும். 640-க்கும் 130-க்கும் நடுவே இருக்கும் தூரத்தை ஓரிரு மணி நேரத்தில் கடக்கச் சொல்வது மீனுக்குச் செய்யும் கொடுமை.

எனவே மீன் வருமுன், புதிய மீனைத் தனியே வைத்துக் கண்காணிக்கும் தனிமைத் தொட்டியைக் கடைத் தண்ணீராக மாற்றினேன். கணக்கு எளிது. 130-ம் 1,150-ம் சரிபாதி சேர்ந்தால் 640. ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு வாளி உப்புத் தண்ணீர். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருப்பதால் முதலில் அதை ஒரு நாள் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு வைத்தேன். அவசரத்துக்கு ஹைப்போ என்று கேட்டால் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் உடனே குளோரினை நீக்கும். பெரிய தொட்டியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் பில்டரை எடுத்து இதில் வைத்தேன். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில் குடியிருக்கிறது. புதிய பில்டரில் அது வளர வாரக்கணக்காகும்.

மீனைக் காலையில் வாங்கினேன். மதிய வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு அலைவது நெல்லைக் கோடையில் சரிவராது. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரும் பிற்பகலில் கொதிக்கும், தண்ணீர் மாற்றுபவர்கள் அந்த நேரத்தைத் தவிர்க்க வேண்டும். பையை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் சிறிய வலையால் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட்டேன். பைத் தண்ணீர் வெளியேதான் போக வேண்டும், அதில் கழிவும் நோய்க்கிருமியும் இருக்கலாம். அன்று விளக்கையும் போடவில்லை, இரையும் போடவில்லை.

பிறகு சில நாட்களுக்கு ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் சேர்த்தேன். 640 முதலில் 510 அளவுக்கு இறங்கியது, அடுத்து 417, அடுத்து 345. ஒவ்வொரு முறையும் தூரம் தானாகவே சிறியதாகிறது. மீன்கள் இதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கூட்டமாக நீந்தின, இரைக்கு ஓடிவந்தன, நீலக்கோடு மங்கவே இல்லை. இந்தக் காலம் நோயைக் கண்காணிக்கவும் பயன்பட்டது. வெண்புள்ளி நோய் இருந்திருந்தால் இந்தத் தொட்டியோடு முடிந்திருக்கும்.

நம் ஆற்றுக்கே உரிய மீனை வளர்க்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். தாமிரபரணியில் மட்டுமே வாழும் ஒரு கெண்டை இருக்கிறது. 1954-இல் மீனியல் அறிஞர் சைலாஸ் அதை விவரித்தபோது ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார். இன்று அது அருகிவரும் இனம். ஆற்றில் வலைபோட்டு அதை வீட்டுக்குக் கொண்டுவருவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பின்னாளில் சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தி மீன்களை வரவழைத்தேன். இந்த முறை சொட்டு நீருக்கே இடமில்லை. மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு நீரின் பிஎச் அளவை இறக்குகிறது. அந்தப் புளிப்பில் அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேற, பிஎச் ஏற, அடங்கியிருந்தது நச்சாக எழும். இரவெல்லாம் பயணம் செய்த மீனைத் திறந்த பையில் மணிக்கணக்கில் வைத்திருப்பது ஆபத்து. விற்பவரிடம் முன்பே தொலைபேசியில் டிடிஎஸ் கேட்டு, அதே அளவில் தனிமைத் தொட்டியைத் தயாராக வைத்திருந்தேன். மிதக்கவிட்டு, திறந்தவுடன் வலையால் எடுத்து விட்டாயிற்று.

அந்த டிடிஎஸ் மீட்டர் இப்போதும் குழாயடியிலேயே இருக்கிறது. மழைக் காலத்தில் ஆறு கலங்கி ஓடும்போதும், கோடையில் நீர்வரத்து குறையும்போதும் குழாயில் வரும் எண் மாறுகிறது. அதனால் நல்ல தண்ணீர்தானே என்று நம்பி அளக்காமல் ஒரு வாளிகூட ஊற்றுவதில்லை.