ஓதம் ஏறிய சுவர்: எட்டு மாத வேலைக் குறிப்பு

இந்தப் பழைய வீட்டை வாங்கும்போதே வடக்குச் சுவர் ஈரமாகத்தான் இருந்தது. தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. உதிர்ந்த துண்டு ஒன்றின் ஓரத்தைப் பார்த்தேன். பச்சை, மஞ்சள், வெள்ளை, மறுபடியும் பச்சை. ஈரம் தெரியும்போதெல்லாம் மேலே ஒரு கோட்டிங் அடித்து மறைத்திருக்கிறார்கள்.

மின்சார வேலையையும் கூரையையும் தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டு, மற்றதை எல்லாம் நாங்களே செய்வது என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருந்தோம். முதலில் கை வைத்தது இந்தச் சுவரில். எட்டு மாதமாகிவிட்டது. நடந்ததை மறப்பதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

முதல் மாதம்

சுவரைத் தொடவே இல்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பூச்சை உடைத்தால், அடுத்த வருஷமும் இதே வேலைதான்.

முதலில் அலுமினியத் தாள் சோதனை. ஒரு முழச் சதுரத்தில் தாளை வெட்டி, சுவரை நன்றாகத் துடைத்துவிட்டு, நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டோம். தாளின் வெளிப்பக்கம் நீர் கோத்திருந்தால், அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது என்று அர்த்தம். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வடக்குச் சுவரில் தாளைப் பிரித்ததும் உள்பக்கம் முத்து முத்தாக நீர். குளியலறையை ஒட்டிய சுவரில் இதே சோதனை நேர்மாறாக வந்தது. அங்கே பெயின்டால் ஒட்டிக்கிடந்த வென்டிலேட்டரைத் திறந்துவிட்டதோடு சரி, இரண்டு வாரத்தில் காய்ந்துவிட்டது.

அப்புறம் வெளியே போய்ப் பார்த்தோம். தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து மட்டம் பார்த்தால், வெளித்தரை எங்கள் அறைத் தரையைவிட 11 செ.மீ. உயரத்தில் இருந்தது. வெளித்தரை உள்தரையைவிட 15 செ.மீ.யாவது கீழே இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் நடைபாதை மேல் நடைபாதையாகக் கான்கிரீட் போட்டு, சுவரின் பாதத்தை மண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள். பெய்கிற மழையெல்லாம் சுவரோரமாக நின்றுதான் வற்றியிருக்கிறது.

மழை பெய்த ஒரு நாள் அவர் குடையோடு பின்பக்கம் போய் நின்றார். "இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டார். கூரைத் தண்ணீர் இறங்கும் பைப்பின் முழங்கையில் ஒரு விரிசல். பைப்புக்குள் போக வேண்டிய தண்ணீரில் பாதி, சுவரை நக்கிக்கொண்டு இறங்கியது. வெயில் நாளில் நூறு தடவை பார்த்திருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது. பழைய வீடு வாங்குகிறவர்கள் ஒரு தடவையாவது மழையில் நனைந்தபடி வீட்டைச் சுற்றி வர வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாம் மாதம்

முழங்கையை மாற்றினோம். சுவரோரம் 60 செ.மீ. அகலத்துக்குக் கான்கிரீட்டை உடைத்து, மண்ணை இறக்கினோம். தோண்டுவதற்கு முன் ஓரிடத்தில் மட்டும் குழி எடுத்து, அஸ்திவாரம் எதுவரை போகிறது என்று பார்த்துக்கொண்டோம். இதை விடவே கூடாது. அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் சுவரே இறங்கிவிடும். எங்களுடையது 70 செ.மீ. ஆழம் இருந்தது. நாங்கள் 30 செ.மீ.யோடு நிறுத்தி, வீட்டை விட்டு விலகி ஓடுமாறு சரிவு கொடுத்து, மேலே ஜல்லி பரப்பினோம்.

பிறகு உள்ளே வந்து பூச்சை உடைக்க ஆரம்பித்தோம். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தால் பிடிப்புள்ள இடம் 'ணங்' என்கிறது, விட்டுப்போன இடம் 'பொத்' என்கிறது. 'பொத்' என்ற இடமெல்லாம் பலகை பலகையாகக் கழன்றது. முதல் நாள் அவர் டிரில்லிங் மெஷினில் உளியை மாட்டி உடைத்தார். வேகமாகத்தான் போனது, ஆனால் சிமென்டோடு சேர்ந்து ஏழு செங்கல்லின் முகமும் பெயர்ந்து வந்தது. சூளையில் வெந்த அந்த மேல்தோல்தான் செங்கல்லுக்குக் காவல், அது போனால் உள்ளே வெறும் தூள். அன்றோடு மெஷினை வைத்துவிட்டு, உளியைச் சாய்த்துப் பிடித்துக் கையாலேயே செதுக்கினோம். மூன்று வார இறுதிகள் பிடித்தன. மெயினை அணைத்துவிட்டுத்தான் உடைத்தோம். பூச்சுக்குள் 2 செ.மீ. ஆழத்தில் யாரும் குறித்து வைக்காத ஒயர் ஒன்று ஓடியதைப் பார்த்தபோது, அணைத்தது எவ்வளவு நல்லது என்று புரிந்தது.

சிமென்டுக்கு உள்ளே இருந்தது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர். ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான். அது வீட்டு வேலைக்குப் பரவ இன்னும் பல காலம் ஆனது. அதுவரை சுவர் என்றால் பெரும்பாலும் சுண்ணாம்பும் மண்ணும்தான். அந்தச் சுவரில் ஈரம் ஏறும், ஏறியது பூச்சு வழியாகவே காய்ந்தும் போகும். மேலே சிமென்டைப் பூசியதும் காய்கிற வழி அடைபட்டு, ஈரம் இன்னும் மேலே ஏறியிருக்கிறது. தண்ணீரில் கரைந்து வந்த உப்பு உள்ளேயே படிகமாகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது. பக்கத்தில் வேலைக்கு வந்த வயதான கொத்தனார் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அடைச்சா அது வேற வழி பாக்கும்மா. வந்த வழியே போக விடுங்க" என்றார். நாங்கள் செய்ததெல்லாம் அதைத்தான்.

மூன்று முதல் ஆறாம் மாதம் வரை

காத்திருந்தோம். ஈரச் சுவர் காய, ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். முழுதாகக் காய்வதற்குக் காத்திருக்கத் தேவையில்லை, சுண்ணாம்புப் பூச்சு கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும். ஆனால் உப்பு வெளியே வந்து தீர வேண்டும். செங்கல் மேல் பஞ்சு மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே காகிதம் விரித்துப் பிடித்து, வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். முதல் வாரம் ஒரு கிண்ணம் நிறைய வந்தது. நாலாம் மாதக் கடைசியில் ஒரு ஸ்பூன்கூட இல்லை.

அந்த இடைவெளியில் சுண்ணாம்பு நீற்றினோம். பழைய இரும்பு டிரம்மில் தண்ணீரை ஊற்றி, சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் போட வேண்டும். கட்டியின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். முதல் கட்டி விழுந்து அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சின்னதாக ஒரு முனகல், ஓரத்தில் விரிசல், அதிலிருந்து நீராவி. அடுத்த நிமிடம் டிரம் முழுக்கத் தளதளவென்று கொதித்தது. அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிப்பதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் யாரும் அருகில் போகாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி மூன்று மாதம் வைத்தோம். திறந்தபோது வெண்ணெய் மாதிரி இருந்தது.

ஜன்னல்களையும் இதே நாட்களில் சுரண்டினோம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த உப்புத்தாளே போடவில்லை. நனைத்துத் தேய்த்து, முகமூடி போட்டு, கழிவை மூட்டையாகக் கட்டினோம். அது தனிக் கதை, இன்னொரு நாள்.

ஏழாம் மாதம்: பூச்சு

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். கழுவிய, சொரசொரப்பான மணல். தண்ணீர் சேர்க்கவே கூடாது. முதலில் கலக்கும்போது உதிரியாக, இது எப்படி ஒட்டும் என்றுதான் இருந்தது. "ஏங்க, கொஞ்சமே கொஞ்சம் தண்ணி விடலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் விடவில்லை, மண்வெட்டிக் காம்பால் இடித்துக்கொண்டே இருந்தார். இருபது நிமிடத்தில் தானாக இளகி, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்கு வந்தது. அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக்குள்ளேயே இருந்திருக்கிறது.

சுவரை முதல் நாள் இரவும் காலையிலும் நனைத்தோம். காய்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பிடிப்பு இருக்காது. முதல் கை, அதாவது முதல் அடுக்குப் பூச்சு, 10 மி.மீ., அடுத்த கை பிடிக்க அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். பத்து நாள் கழித்து இரண்டாம் கை 8 மி.மீ. கடைசிப் பூச்சு 3 மி.மீ.

இரண்டாம் கை போட்ட மறுநாள் நல்ல காற்று. மாலையில் பார்த்தால் சுவரெங்கும் முடி போன்ற வெடிப்பு. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் சுண்ணாம்பில் அதற்கு வழி உண்டு. லேசாக நனைத்து, மணியாஸ் கட்டையை (பூச்சைத் தேய்த்துச் சமன் செய்யும் மரப்பலகை) அழுத்தி வட்டமாகத் தேய்த்தால் வெடிப்பு மூடிக்கொள்கிறது. மூன்று நாள் மூன்று தடவை தேய்த்தோம். அதற்குப் பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, தினமும் மூன்று வேளை தெளித்தோம். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும். இந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மறுபடி கல்லாகிறது. அதற்கு நாளும் வேண்டும், கொஞ்சம் ஈரமும் வேண்டும்.

எட்டாம் மாதம், இப்போது

போன வாரம் ஓரத்தில் ஒரு சில்லைப் பெயர்த்து, உடைந்த முகத்தில் பினால்ப்தலீன் ஒரு சொட்டு விட்டேன். கல்லாகாத சுண்ணாம்பில் பட்டால் இளஞ்சிவப்பாக மாறும் திரவம் அது. வெளியே 4 மி.மீ. நிறமே மாறவில்லை, அது கல்லாகிவிட்டது. உள்ளே முழுக்க அடர்ந்த இளஞ்சிவப்பு, இன்னும் சுண்ணாம்பாகவே இருக்கிறது. அந்தச் சில்லைத் தேதி எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்துப் பக்கத்திலேயே இன்னொரு சில்லு எடுத்துப் பார்க்க வேண்டும்.

மேல்பகுதிக்கு வெள்ளையடித்துவிட்டோம். பால் போல நீர்த்த சுண்ணாம்பு, ஐந்து கை. அடிக்கும்போது சுவர் அப்படியே தெரியும், ஒன்றுமே அடிக்காத மாதிரி இருக்கும். காயக் காயத்தான் வெண்மை எழும்பி வருகிறது. அவசரப்பட்டுக் கெட்டியாக அடித்த ஒரு மூலை மட்டும் கையில் மாவாக ஒட்டுகிறது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு இன்னும் லேசாக உப்புப் பூக்கிறது. சனிக்கிழமைதோறும் பிரஷ்ஷால் தட்டி எடுக்கிறேன். அது நிற்கும்வரை அந்தப் பட்டைக்கு வெள்ளையடிப்பதில்லை. மேலே அலுமினியத் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்தோம், இரண்டு பக்கமும் காய்ந்திருந்தது. அடுத்து கிழக்கு அறை. மழை வரட்டும், குடையோடு ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் உளியை எடுப்போம்.