ரீஇன்ஸ்டால் செய்தும் ஸ்டார்ட் ஆகாத மைஎஸ்கியூஎல்: லேப் தேர்வுக்கு முந்தைய இரண்டு நாட்கள்

டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் பாடம்) லேப் செய்முறைத் தேர்வு திங்கட்கிழமை காலை. அதில் மினி ப்ராஜெக்டை அவரவர் லேப்டாப்பிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, ப்ராஜெக்டின் டேட்டாவை வைத்திருக்கும் என் மைஎஸ்கியூஎல் சர்வர் ஸ்டார்ட் ஆகவில்லை. ஞாயிறு இரவு பதினொரு மணிக்குத்தான் திரும்ப ஓடியது. நடுவில் நான் செய்ததை எல்லாம் மறைக்காமல் எழுதுகிறேன். ஒவ்வொரு செமஸ்டரிலும் யாராவது ஒரு ஜூனியர் "அண்ணா, அழிச்சிட்டு மறுபடி போட்டும் வரல" என்று வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு நேரில் சொல்வதைத்தான் இங்கே சொல்கிறேன்.

என்னுடையது உபுண்டு 22.04 லினக்ஸ், விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி நிரலுக்குள். மைஎஸ்கியூஎல் 8.0. வட்டுக்கு ஒதுக்கியிருந்தது 25 ஜிபி. இந்த 25 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வரை ஸ்டார்ட் செய்தால் "கன்ட்ரோல் ப்ராசஸ் எரர் கோடோடு வெளியேறிவிட்டது" என்று ஒரு செய்தி. ஸ்டேட்டஸ் பார்க்கவும் ஜர்னல் பார்க்கவும் இரண்டு கட்டளைகளை அதே செய்தி சொல்லும். இரண்டையும் போட்டேன். சர்வர் நின்றுவிட்டது என்று தெரிந்ததே தவிர, ஏன் நின்றது என்று தெரியவில்லை. சர்வர்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி ஒரு காவல்காரர் மாதிரி. உள்ளே போனவர் திரும்பி வந்துவிட்டார் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். உள்ளே நடந்தது மைஎஸ்கியூஎல் தானே எழுதும் எரர் லாகில் இருக்கும். உபுண்டுவில் அது /வார்/லாக்/மைஎஸ்கியூஎல் ஃபோல்டருக்குள் எரர்.லாக் என்ற பெயரில் இருக்கிறது. அன்று நான் அதைத் திறக்கவே இல்லை. பதற்றத்தில் தேடினேன், "ரீஇன்ஸ்டால் செய்" என்று கிடைத்தது, செய்தேன்.

முதல் ரீஇன்ஸ்டால் எதையுமே மாற்றவில்லை. உபுண்டுவில் மைஎஸ்கியூஎல்-சர்வர் என்ற பேக்கேஜ் வெறும் பெயர்ப்பலகை. உண்மையான சர்வர் நிரல் மைஎஸ்கியூஎல்-சர்வர்-8.0 என்ற இன்னொரு பேக்கேஜில் இருக்கிறது. நான் பலகையைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டினேன். கடை அப்படியே இருந்தது. நீக்கும்போது எத்தனை எம்பி காலியாகும் என்று, பேக்கேஜ்களைப் போட்டு நீக்கும் ஏபிடி கட்டளை காட்டும். அந்த எண் சில கேபி என்று வந்தால் எதுவும் நீங்கவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் கொஞ்சம் கடுமையாக இறங்கினேன். ப்ராஜெக்ட் டேட்டா போய்விடக் கூடாதே என்று /வார்/லிப்/மைஎஸ்கியூஎல் ஃபோல்டரை முழுசாக என் ஹோம் ஃபோல்டருக்குக் காப்பி எடுக்க முயன்றேன். சர்வர் நின்றிருந்த நேரம் என்பதால் அந்தக் காப்பி நம்பத்தகுந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் பாதி எழுதிய பக்கங்களும் சேர்ந்து வரும். காப்பி எடுக்க இடம் போதவில்லை. அதனால் டவுன்லோட்ஸில் கிடந்த பழைய ஐஎஸ்ஓ கோப்பையும் சில வீடியோக்களையும் அழித்தேன். காப்பி முடிந்தது. அந்த இரண்டு நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான்.

அடுத்து நிரலை ரிமூவ் செய்தேன். /ஈடிசி/மைஎஸ்கியூஎல் ஃபோல்டரையும் டேட்டா ஃபோல்டரையும் கையாலேயே அழித்தேன். மறுபடி இன்ஸ்டால் செய்தால், இப்போது இன்ஸ்டாலே பாதியில் நின்றது. மைஎஸ்கியூஎல்.சிஎன்எஃப் என்ற கான்ஃபிக் கோப்பு இல்லை என்று, இன்ஸ்டாலின் நடுவே ஓடும் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் என்ற கருவி சொன்னது. எத்தனை முறை போட்டாலும் அதே வரி.

இந்த இடத்தில் மாட்டிக்கொள்பவர்கள் மிக அதிகம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். டெபியன் வகை லினக்ஸில் நிரல் வேறு, கான்ஃபிக் கோப்பு வேறு, டேட்டா வேறு. ரிமூவ் என்றால் நிரல் மட்டும் போகும். /ஈடிசியில் உள்ள கான்ஃபிக் கோப்புகள் இருக்கும், அவை அங்கே இருப்பதாக, ஏபிடிக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி தன் கணக்கில் குறித்தும் வைத்திருக்கும். அந்தக் கோப்பை நீங்கள் கையால் அழித்தால், "இந்த ஆள் வேண்டுமென்றே அழித்திருக்கிறார், அவர் முடிவில் நாம் கை வைக்கக் கூடாது" என்று எடுத்துக்கொண்டு அடுத்த இன்ஸ்டாலில் அதைத் திரும்ப வைக்காது. இது பிழை இல்லை. நிர்வாகி மாற்றியதை நிரல் மாற்றக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விதி. ஆக, நான் எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் அந்தக் கோப்பு வந்திருக்காது. பர்ஜ், அதாவது கான்ஃபிக்கையும் சேர்த்து நீக்குவது, செய்திருந்தால் கணக்கே அழிந்து, அடுத்த இன்ஸ்டாலில் புதுக் கோப்புகள் வந்திருக்கும். பர்ஜ் செய்யும்போது எல்லா டேட்டாபேஸ்களையும் நீக்கிவிடட்டுமா என்று ஒரு கேள்வி வரலாம். அதற்கு அவசரத்தில் எஸ் அழுத்தினால் டேட்டா ஃபோல்டரும் போய்விடும்.

ஞாயிறு மதியம் ஒரு சீனியர் அக்காவுக்கு போன் செய்தேன். நான் சொன்ன முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, நேத்து முதல் தடவ நின்னப்போ எரர் லாக்ல என்ன இருந்துச்சு?" பதில் சொல்ல முடியவில்லை. "லாக் ஃபோல்டர அழிச்சியா?" என்றார். அழிக்கவில்லை. "அப்போ இப்பவாச்சும் படி. கடைசி வரிய படிக்காத. ஸ்டார்ட் பண்ண நேரத்த தேடி, அதுக்கப்புறம் வர்ற முதல் எரர் வரிய படி."

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு எழுதப்பட்ட முதல் எரர் வரி, ஐபிடிஎம்பி1 என்ற தற்காலிகக் கோப்பின் அளவை ஒதுக்க முடியவில்லை, வட்டில் இடம் தீர்ந்திருக்கலாம் என்றது. அதற்குக் கீழே வந்த ஐந்தாறு எரர்களும் இந்த ஒன்றின் பின்விளைவுகள். கடைசியில் இருந்தது வெறும் "அபார்ட்டிங்". கடைசி வரியைப் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது என்று அக்கா சொன்னதன் அர்த்தம் அப்போது புரிந்தது.

அதாவது 25 ஜிபியும் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். மைஎஸ்கியூஎல் 8.0-வில் பைனரி லாக் தானாகவே ஆன் ஆகியிருக்கும். எழுதப்படும் ஒவ்வொரு மாற்றமும் பின்லாக் கோப்புகளில் சேரும். இயல்பு அமைப்பில் அவை 30 நாள் வரை நிற்கும். நான் ப்ராஜெக்டுக்காக ஒரே பெரிய சிஎஸ்வியைத் திரும்பத் திரும்ப ஏற்றி, அழித்து, மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தேன். அட்டவணையில் இருப்பது ஒரு பிரதிதான். பின்லாகிலோ அத்தனை முறையும் பதிவாகியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காப்பி எடுக்க இடம் வேண்டி ஐஎஸ்ஓவை அழித்தேனே, அந்த நிமிஷமே மூலப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. அங்கே ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தால் சனிக்கிழமை எட்டு மணிக்கே ஓடியிருக்கும். அதற்குப் பிறகு நான் போராடிய பிரச்சினைகள் எல்லாம் ரீஇன்ஸ்டால் கொண்டுவந்தவை.

மைஎஸ்கியூஎல் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் பர்ஜ் செய்து, புதிதாக இன்ஸ்டால் செய்ததும் வெறும் சர்வர் ஓடியது. இனி டேட்டா. முதலில் என் ப்ராஜெக்ட் பெயரில் இருந்த சப்-ஃபோல்டரை மட்டும் உள்ளே வைத்தேன். டேட்டாபேஸ் பட்டியலில் அது வரவே இல்லை. பழைய 5.7 வரை ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரு எஃப்ஆர்எம் கோப்பு இருந்தது. 8.0-வில் அது கிடையாது. எந்த டேட்டாபேஸ், எந்த அட்டவணை என்ற விவரம் முழுக்க டேட்டா டிக்ஷனரியில், மைஎஸ்கியூஎல்.ஐபிடி என்ற கோப்புக்குள் இருக்கிறது. புது சர்வரின் டிக்ஷனரிக்கு என் ப்ராஜெக்டைத் தெரியாது. ஃபோல்டர் கண்முன்னே கிடந்தாலும் அதற்கு அது வெறும் ஃபோல்டர்தான். ஆகவே சர்வரை நிறுத்தி, புது டேட்டா ஃபோல்டரின் உள்ளடக்கத்தை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, பழைய காப்பியை முழுசாக வைக்க வேண்டும். ஐபிடேட்டா1 என்ற பொது டேட்டா கோப்பு, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ரீடூ லாக், மைஎஸ்கியூஎல்.ஐபிடி எல்லாம் ஒரே குடும்பம். பிரித்துக் கூட்டிப்போக முடியாது. பதிப்பும் பொருந்த வேண்டும். 8.0 எழுதிய ஃபோல்டரை 5.7 திறக்காது.

முழுசாக வைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. இந்த முறை நேராக லாகுக்குப் போனேன். முதல் எரரில் எண் 13, அனுமதி மறுப்பு. சூடோ போட்டுக் காப்பி எடுத்ததால் எல்லாக் கோப்புகளுக்கும் உரிமையாளர் ரூட் ஆகிவிட்டார். சர்வர் ஓடுவதோ மைஎஸ்கியூஎல் என்ற பயனரின் பெயரில். சிஎச்ஓன் கட்டளையால் ஃபோல்டர் முழுவதற்கும் உரிமையை மாற்றியதும் சர்வர் வந்தது. மணி பதினொன்று. அட்டவணைகள் அத்தனையும் இருந்தன. ரூட் பாஸ்வேர்டும் பழையதே, ஏனென்றால் பயனர் விவரமும் அந்த டேட்டா ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது.

பி-எரர் என்று ஒரு சின்னக் கருவி மைஎஸ்கியூஎல்லோடு வருகிறது. எரர் எண்ணைக் கொடுத்தால் பொருள் சொல்லும். 2 என்றால் அப்படி ஒரு கோப்பு இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை, 28 என்றால் வட்டில் இடமில்லை. இந்த மூன்றையும் மனப்பாடமே செய்துவிடலாம். அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் 13 வந்தால், டேட்டா ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றினீர்களா என்று யோசியுங்கள். உபுண்டுவில் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அடுக்கு தனக்குச் சொல்லப்பட்ட பாதைகளைத் தவிர வேறெங்கும் சர்வரைத் தொட விடாது. எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் சிஎச்மாட் 777 போடுவது இதற்குத் தீர்வில்லை. ஆப்ஆர்மரில் புதுப் பாதையைச் சேர்க்க வேண்டும்.

ஜூனியர்களிடம் நான் பார்த்த வேறு சில. 5.7-இல் இருந்த பழைய கான்ஃபிக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு 8.0 போட்டவர்களுக்கு, க்வெரி கேஷ் சைஸ் என்ற வரி தெரியாத வேரியபிள் என்று நிற்கும். அந்த வசதியே 8.0-வில் நீக்கப்பட்டுவிட்டது. 8.0.16 முதல் வேலிடேட்-கான்ஃபிக் என்ற ஆப்ஷன் இருக்கிறது, சர்வரை ஓட்டாமலே கான்ஃபிக்கைச் சரிபார்க்கும். தன்னோடு ஒரு டேட்டாபேஸ் சர்வரையும் கொண்டுவரும் எக்ஸ்ஏஎம்பிபியும் தனி மைஎஸ்கியூஎல்லும் ஒரே கணினியில் இருந்தால் 3306 போர்ட்டுக்கு இரண்டும் மோதும். மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபி இருந்த இடத்தில் மைஎஸ்கியூஎல் போட்டால் இரண்டும் ஒரே டேட்டா ஃபோல்டரைப் பயன்படுத்தப் பார்க்கும். உபுண்டு அதைக் கண்டுபிடித்து /ஈடிசி/மைஎஸ்கியூஎல்லில் ஃப்ரோஸன் என்ற கோப்பை வைத்து நிறுத்திவிடும். அதைப் படிக்காமல் அழிக்காதீர்கள், உங்கள் டேட்டாவைக் காப்பாற்றத்தான் அது நிற்கிறது. விண்டோஸில் அன்இன்ஸ்டால் செய்தாலும் சி டிரைவில் ப்ரோகிராம்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் பழைய டேட்டா இருக்கும். புது சர்வரை இனிஷியலைஸ் செய்யும்போது "டேட்டா ஃபோல்டரில் கோப்புகள் இருக்கின்றன" என்று அது மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அந்தக் கோப்புகளையும் அழிக்க வேண்டாம். ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்தால் போதும்.

ஐபிடேட்டா1-ஐ அழித்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சர்வர் ஸ்டார்ட் ஆகலாம், ஆனால் அட்டவணைகள் போய்விடும். சிதைந்த டேட்டாவோடும் சர்வரை வலுக்கட்டாயமாக எழுப்பப் பார்க்கும் இன்னோடிபி ஃபோர்ஸ் ரிகவரி என்ற அமைப்பு 1 முதல் 6 வரை உண்டு. 4 அல்லது அதற்கு மேல் வைத்தால் டேட்டா நிரந்தரமாகச் சிதையலாம். காப்பி கையில் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

திங்கட்கிழமை டெமோ நன்றாகவே நடந்தது. வைவாவில் கமிட் ஆன பிறகு மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். ரீடூ லாக், கிராஷ் ரிகவரி என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் முந்தைய நாள் முழுக்க எரர் லாகை மேலும் கீழும் உருட்டியதில், சரியாக மூடப்படாத சர்வர் அடுத்த முறை எழும்போது லாகின் எந்த எண்ணிலிருந்து படித்துக்கொண்டு வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன். இரண்டு துணைக் கேள்விகளுக்கும் தயங்காமல் பதில் வந்தது.

அதனால் தேர்வுக்குத் தயாராகும் ஜூனியர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி இதுதான். விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்களே சர்வரைக் கெடுங்கள். டேட்டா ஃபோல்டரின் உரிமையாளரை ரூட் ஆக்குங்கள். கான்ஃபிக்கில் இல்லாத ஒரு பெயரை எழுதுங்கள். 3306-இல் வேறொன்றை ஓட்டுங்கள். ஒரு பெரிய உதவாத கோப்பால் வட்டை நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்து, முதல் எரர் வரியை நோட்டில் கையால் எழுதுங்கள். நான்குக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும். முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம். இதைச் செய்த மாணவர் ஒருவர், லேப் கணினியில் சர்வர் நின்றபோது, பேராசிரியர் வருவதற்குள் தானே சரிசெய்துவிட்டார்.

என் ஹோம் ஃபோல்டரில் இருந்த அந்தப் பழைய காப்பியை செமஸ்டர் ரிசல்ட் வரும் வரை அழிக்கவில்லை. பின்லாக்கை 3 நாளுக்குக் குறைத்தேன், டேட்டாபேஸை எஸ்கியூஎல் கோப்பாக எழுதித் தரும் மைஎஸ்கியூஎல்டம்ப் எடுத்து பென் டிரைவில் வைத்தேன், வட்டை 40 ஜிபி ஆக்கினேன்.