போட்ஸ்வானாவை ஒரு போர்வெல் வழியாகப் பார்த்தால்

போட்ஸ்வானாவில் வேலை என்று சொன்னதும் ஊரில் எல்லோரும் விசாரிப்பது வைரத்தைத்தான். இந்த நாட்டின் கஜானாவை வைரம் நிரப்புவது உண்மை. ஆனால் இங்குள்ள மக்கள் எதை வைத்து ஒருவரை வசதிக்காரர் என்கிறார்கள், எதற்காகச் சண்டை போடுகிறார்கள், எதற்காக ஒன்றாகக் கூடுகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் ஒரு போர்வெல் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். நான் கோவை பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டப் பழகியவன். இப்போது இந்த நாட்டின் தலைநகர் காபரோனியில் ஒரு பம்ப்செட் கடையில் சர்வீஸ் பார்க்கிறேன். எனக்கு இந்த நாடு தெரிய வந்ததே பூமிக்குள் இறங்கும் பைப் வழியாகத்தான்.

தெற்கே தென்னாப்பிரிக்கா, மேற்கிலும் வடக்கிலும் நமீபியா, கிழக்கே ஜிம்பாப்வே, வடகிழக்கு மூலையில் சாம்பியாவோடு ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு சிறு எல்லை. எந்தப் பக்கமும் கடல் கிடையாது. எங்கள் கடைக்கு வரும் சரக்கு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறங்கி, லாரியில் ஏறி, எல்லையில் காத்துக் கிடந்துதான் வரும். நாட்டின் பரப்பு சுமார் 5,82,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல் நாலரை மடங்கு. மக்களோ 2022 கணக்கெடுப்பின்படி 23 லட்சம் சொச்சம்தான்.

நிலத்தில் பெரும்பகுதி கலகாரி. பாலைவனம் என்றால் நம் மனதில் வருகிற மொட்டை மணல்மேடு தென்மேற்கு மூலையில் கொஞ்சம் உண்டு. மற்ற இடமெல்லாம் சிவந்த மணல், அதன் மேல் புல், முள்மரம், புதர். மழை பெய்தால் பச்சைப் பசேலென்று ஆகிவிடும். தென்மேற்கில் ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர், வடகிழக்கில் 650 வரை பெய்கிறது. பெய்ததை மணல் குடித்துவிடும், குளம் குட்டையில் நிற்காது. வடக்கே ஒக்கவாங்கோ ஆறு மட்டும் தனிக் கதை. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் பெய்த மழை மாதக்கணக்கில் நகர்ந்து, இங்கே ஒரு சொட்டு மழையில்லாத குளிர்காலத்தில் வெள்ளமாக வந்து விரிகிறது. கடலைச் சேராமல் அங்கேயே அடங்கிவிடுகிறது. உலகம் முழுவதிலிருந்தும் சுற்றுலாப் பயணிகள் வருவது அதைப் பார்க்கத்தான். மற்றபடி நாட்டின் பெரும்பகுதியில் ஆடும் மாடும் மனிதரும் குடிப்பது பூமிக்கடியில் இருக்கும் தண்ணீரை.

இங்கே ஒரு குடும்பத்துக்கு மூன்று இடங்கள் உண்டு. கிராமத்தில் வீடு, மோட்சே. மழைக்காலத்தில் சோளம் விதைக்கும் நிலம், மசிமோ. அதற்கும் அப்பால், சில சமயம் நூறு கிலோமீட்டர் தள்ளி, மாட்டுப்பட்டி, மொராகா. வங்கியில் மேலாளராக இருப்பவரும் அமைச்சக அதிகாரியும் வெள்ளிக்கிழமை மாலை ஹைலக்ஸ் வண்டியில் டீசலும் மாவுமூட்டையும் ஏற்றிக்கொண்டு பட்டிக்குக் கிளம்பிவிடுவார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பொகாடி மாடாகத்தான் போகும். சாவு வீட்டிலும் மாடு அறுத்து, உப்புப் போட்டு வேகவைத்து, உலக்கை போன்ற கட்டையால் இடித்து, சேஸ்வா என்று எல்லோருக்கும் பரிமாறுவார்கள்.

இத்தனை மாட்டுக்கும் தண்ணீர் வேண்டும். மேய்ச்சல் நிலம் இனக்குழுவுக்குப் பொது, யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் போர் போட நில வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும், ஒரு போருக்கும் அடுத்ததற்கும் 8 கிலோமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இந்த ஒரு விதியைக் கவனியுங்கள். மாடு தண்ணீரை விட்டு அதிக தூரம் போகாது. ஆகவே போர் யாருடையதோ, அதைச் சுற்றியுள்ள புல்லும் நடைமுறையில் அவருடையதே. காகிதத்தில் பொது நிலம், கையில் போர்வெல்காரர் நிலம். தனியாகப் போர் போட வசதியில்லாதவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சிண்டிகேட் அமைத்து, மாட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் டீசலுக்கும் ரிப்பேருக்கும் பணம் போடுவார்கள்.

அப்படி ஒரு சிண்டிகேட் போருக்கு லெட்லகெங் என்ற ஊர் தாண்டி மேற்கே போனேன். மோட்டார் நின்று இரண்டு நாள். தொட்டியைச் சுற்றி மாடுகள் நெருக்கியடித்து நின்றுகொண்டு, காய்ந்த சிமெண்டை நக்கிக்கொண்டிருந்தன. கன்றுகள் கத்தவும் தெம்பில்லாமல் படுத்துக் கிடந்தன. முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி, பைப்பை ஒவ்வொன்றாக உருவி மோட்டாரை மேலே எடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. காயில் கருகிப்போய் அந்த வார்னிஷ் வாடை குப்பென்று வந்தது. வோல்டேஜ் கோளாறு என்று ஒருவர் சொன்னார். கம்பெனி சரக்கே மட்டம் என்றார் இன்னொருவர்.

உடனே யார் பணம் கட்டுவது என்று பேச்சு கிளம்பும் என்று பார்த்தால், நிழலில் நாற்காலியும் கவிழ்த்த கேனும் போட்டு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் வணக்கம். ‘டுமேலா ர்ரா’, ‘டுமேலா ம்மா’ என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி, எப்படி எழுந்தீர்கள் என்று விசாரித்து முடிக்காமல் இங்கே எந்த விவகாரமும் ஆரம்பிக்காது. பிறகு ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டார்கள். யாரும் குறுக்கே விழவில்லை. கடைசியில் தலைக்குத் துணி கட்டியிருந்த ஒரு பாட்டியம்மா, பட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆளைக் கூப்பிட்டு, “நீ தினமும் இங்கே இருக்கிறாய், என்ன பார்த்தாய்?” என்று கேட்டார். அதுவரை அந்த ஆள் வட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். ஒரு மாதமாகவே வெயில் சாயும் நேரத்தில் பைப்பில் தண்ணீரோடு காற்று கலந்து துப்பியது என்று சொன்னார். விஷயம் அதுதான். நீர்மட்டம் இறங்கி, மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிச் சூடாகி எரிந்திருக்கிறது. இன்னும் இரண்டு பைப் கீழே இறக்கி, தண்ணீர் இல்லையென்றால் தானாக நிற்கும் பேனல் போட்டுக்கொடுத்தேன். சாயங்காலம் தொட்டி நிறைந்தது.

இந்த வட்டம் போட்டு உட்காரும் பழக்கம் ஊர்ச் சபையிலிருந்து வருவது. கோட்லா என்பார்கள். கிராமத்தின் நடுவில், பிறை வடிவில் மரக்கட்டை நட்ட வேலிக்குள், கோசி எனப்படும் தலைவர் முன்னால் வழக்கு, திருட்டு, குடும்பச் சண்டை எல்லாம் பேசுவார்கள். ஜனாதிபதியே வந்தாலும் அங்கே உட்கார்ந்து ஊராரின் ஏச்சையும் பேச்சையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். 1895இல், பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த இந்த நிலம் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் கம்பெனி கையில் போகவிருந்தபோது மூன்றாம் காமா, செபேலே, பதோயன் என்ற மூன்று கோசிகள் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். ஊர் ஊராகப் பேசி ஆதரவு திரட்டி, ரயில் பாதைக்கு ஒரு துண்டு நிலத்தை மட்டும் விட்டுக்கொடுத்து, மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். காபரோனியில் அந்த மூவரின் சிலைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

மூன்றாம் காமாவின் பேரன்தான் முதல் ஜனாதிபதி செரெட்சே காமா. 1948இல் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்ததற்காகப் பிரிட்டிஷ் அரசு அவரைச் சொந்த மண்ணுக்கே வரவிடாமல் வைத்தது. 1956இல் தலைவர் பட்டத்தைத் துறந்துவிட்டுத் திரும்பினார். 1966 செப்டம்பர் 30 சுதந்திரம். மறு ஆண்டு ஒராபாவில் வைரம் கிடைத்தது, அதுவும் அவருடைய பங்வாட்டோ மக்களின் பகுதியில். அதே 1967இல் கனிம உரிமையெல்லாம் நாட்டுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. தன் இனத்துக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்காவின் வேறு சில நாடுகளில் வைரத்துக்காக வெட்டிக்கொண்டு செத்ததை நினைத்தால் அந்த முடிவின் கனம் புரியும். 1982இல் திறந்த ஜ்வனெங் சுரங்கம், மதிப்புக் கணக்கில் உலகின் மிக வளமான வைரச் சுரங்கம் என்று பேர் வாங்கியது. பள்ளியும் ஆஸ்பத்திரியும் தார் ரோடும் அந்தப் பணத்தில் வந்தவை.

இவ்வளவு மெச்சுகிற நாட்டில் எனக்கு மனது ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பட்டியில் வட்டத்துக்கு வெளியே நின்றவர் சான் இனத்தவர். இங்கே பசார்வா என்பார்கள். கலகாரியின் ஆதிக்குடி அவர்கள். காட்டுத் தர்பூசணியிலிருந்தும் கிழங்கிலிருந்தும் தண்ணீர் எடுத்து, தீக்கோழி முட்டை ஓட்டில் சேமித்து வாழ்ந்தவர்கள். மாட்டுப்பட்டிகளில் கூலிக்கு நிற்பவர்களில் அவர்களே அதிகம், சொந்த மாடு பலருக்கு இல்லை. 1961இல் மத்திய கலகாரி வனவிலங்குக் காப்பகம் அமைந்தபோது அதற்குள்ளேயே வாழ்ந்து வந்தார்கள். 1997இலும் 2002இலும் அரசு அவர்களை வெளியேற்றியது. 2002இல் உள்ளே மொதொமெலோ என்ற இடத்தில் இருந்த போர்வெல்லை மூடியும் விட்டார்கள். வழக்கு நடந்தது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், வெளியேற்றியது தவறு, திரும்பிப் போகலாம் என்றது. போனார்கள், ஆனால் போரைத் திறக்க அனுமதி இல்லை. அதற்கு இன்னொரு வழக்கு. 2010இல் தோற்று, 2011 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில்தான் சொந்தச் செலவில் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது.

போர் வேலை செய்பவனுக்கு இது எப்படி வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல தண்ணீர் வருகிற ஒரு குழியின் வாயை அடைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதுவும், மாடு தாகத்தில் கத்தினால் நூறு கிலோமீட்டர் ஓடிவருகிற மக்களின் நாட்டில். 2006 தீர்ப்பையும் அரசு வழக்குப் போட்டவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. மற்றவர்கள் பிறந்த இடத்துக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது.

சுதந்திரத்திலிருந்து ஆண்ட கட்சி 2024 தேர்தலில் தோற்று, டுமா போகோ ஜனாதிபதியானார். அவர் மனித உரிமை வழக்கறிஞர். வைரச் சந்தை சரிந்து கஜானா காய்ந்திருக்கும் நேரத்தில் வந்திருக்கிறார், கையில் ஆயிரம் வேலை. இருந்தாலும், தன் ஊருக்குப் போகச் சீட்டு கேட்காத நிலையையும் கலகாரிக்குள் இருக்கிற பசார்வா குடியிருப்புகளுக்கு அரசுச் செலவில் போர்வெல்லையும் அவர் கொடுக்க வேண்டும். மோட்டார் இறக்க ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.