அக்காவின் தட்டுகள்: மழைமாதக் குறிப்புகள்

ஜூலை 6
விடாத மழை. அக்காவின் இசைத்தட்டு அலமாரியில் பூசணம்.

ஜூலை 7
பூசணம் பெரும்பாலும் உறையில்தான் பிடிக்கிறது. ரங்கூன் ஈரத்தைப் பழுப்புக் காகிதம் குடித்து வைத்துக்கொள்ளும். அங்கிருந்து வெள்ளைப் பொடியாகத் தட்டின் பள்ளங்களுக்குள் இறங்கும். தட்டையும் உறையையும் பிரித்துவிட வேண்டும். உறைகளை எறிந்துவிடு என்கிறார் அத்தான். எப்படி எறிவது? ஒவ்வொன்றிலும் அக்காவின் பென்சில் எழுத்து: ஊர், வருஷம், வேகம், யார் எந்த வாத்தியம்.

ஜூலை 10
ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். கூடவே கூடாது. இவை அரக்குத் தட்டுகள். ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்து பாட்டும் போய்விடும். முதலில் திண்ணையில் வைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் பூசணத்தைத் தட்ட வேண்டும். பிறகு ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு மூன்று சொட்டு. பள்ளம் போகும் திசையிலேயே துணி போக வேண்டும். நடு லேபிள் நனையக் கூடாது. ஊறவிடவும் கூடாது. சுத்த நீரில் அலசி, நிமிர்த்தி வைத்து நிழலில் உலர்த்தலாம். வெயில் பட்டால் வளைந்துவிடும்.

ஜூலை 12
ஒரு பக்கத்துக்கு ஓர் எஃகு ஊசி. அக்கா இதில் விட்டுக்கொடுத்ததே இல்லை.

ஜூலை 16
கரன்ட் இல்லை. சாவி கொடுக்கும் கிராமபோனை இறக்கியாயிற்று.

‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ உறையில் அக்கா எழுதியது: “சிகாகோ, 28-6-1928. 78. ஆர்மானியத்தில் ஈ-ஃப்ளாட் பார்.” அவ்வளவுதான், அதிலேயே எல்லாம் இருக்கிறது. 78 என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இந்தப் பாட்டு ஈ-ஃப்ளாட் சுருதியில் நிற்க வேண்டும். சுற்று நிமிடத்துக்கு 73.6 ஆகக் குறைந்தால் அரை ஸ்வரம் கீழே டி-க்கு இறங்கிவிடும், டிரம்பெட்டின் தொடக்கச் சீறலே சோர்ந்துபோகும். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி எண்ணலாம்: 30 நொடிக்கு 39 சுற்று. ஊசி தட்டில் ஓடும்போதே எண்ண வேண்டும். அதன் இழுப்பிலேயே வேகம் குறையும்.

கடைசிச் சுற்றில் ஆம்ஸ்ட்ராங் ஒரே உச்ச ஸ்வரத்தை நாலு தாள வட்டம் (பார்) அளவுக்குப் பிடித்து நிற்கிறார். மோட்டாரைச் சோதிக்க அக்காவுக்கு அந்த இடம் போதும். அங்கே ஸ்வரம் அலைந்தால், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரில் எண்ணெய் வற்றியிருக்கிறது என்பாள். இன்று அலைகிறது. அவள் இருந்திருந்தால் அடுத்த அறையிலிருந்தே குரல் கொடுத்திருப்பாள்.

ஜூலை 17
கவர்னரின் இரு முனைகளிலும் ஒவ்வொரு சொட்டு தையல்மிஷின் எண்ணெய். அலைவு குறைந்தது, போகவில்லை.

ஜூலை 25
ஆடி வெள்ளி. அத்தான் அனவ்ரதா சாலை காளியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார்.

உறைகளுக்கு வழி கிடைத்தது. மழை விட்ட நேரத்தில் காற்றாட உலர்த்தி, பூசணத்தைத் துலக்கி, வெள்ளைத் தாள்களுக்கு நடுவே தட்டையாக அடுக்கித் தனிப் பெட்டியில் வைக்கிறேன். பென்சில் எழுத்தை ரப்பர் தொடக் கூடாது. தட்டுகளுக்குப் புது உறை. இரண்டிலும் ஒரே எண். தட்டுகள் நின்றபடிதான் இருக்க வேண்டும்; ஒன்றன்மேல் ஒன்று படுக்க வைத்தால் அடித்தட்டில் விரிசல் விடும்.

ஒரு உறையில் பாதி எழுத்தைப் பூசணம் தின்றுவிட்டது. ஜாஸ் கலைஞர் கிங் ஆலிவர், 1923. மைக் வருவதற்கு முந்தைய பதிவு, எல்லோரும் ஒரே கொம்புக் குழாய்முன் நின்று வாசித்தது. வேகம் எழுதிய இடம்தான் போயிருக்கிறது. அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாமே 78-இல் வெட்டியவை அல்ல. இனி ஆர்மானியத்தை வைத்துக் காதாலேயே தேட வேண்டும்.

ஜூலை 28
ஸ்பிரிங் டப்பா டக் டக்கென்று அடிக்கிறது. உள்ளே கிரீஸ் கெட்டியாகியிருக்கிறது. கழற்றும்முன் முறுக்கு முழுக்க இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் கையைக் கிழித்துவிடும். கிராஃபைட் கிரீஸ் வாங்க வேண்டும்