உறைக்குள் ஒரு பல்

ஆகஸ்ட் பிறந்தால் எங்கள் அலுவலகத்துக்குச் சின்னச் சின்ன உறைகள் வரத் தொடங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பல் இருக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கருங்கரடி சுட்டவர்கள், கோரைப் பல்லுக்குப் பின்னாலுள்ள குட்டியான முன்கடைவாய்ப் பல்லை எடுத்து வனவிலங்குத் துறையிடம் சேர்த்தாக வேண்டும். அந்த உறைகளைப் பிரித்து, எண் போட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பும் வேலையை ஆறு ஆண்டுகள் பார்த்தேன்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்தியாவில் பிறந்தவன் நான். வேட்டை என்றாலே குற்றம் என்று கேட்டு வளர்ந்தவன். முதல் உறையைப் பிரித்தபோது விரல்கள் கூசின. பல்லின் வேரில் காய்ந்த ரத்தம் ஒட்டியிருந்தது.

ஒரே ஆறுதல் இந்த மாநிலத்தின் சட்டம்தான். இரை வைத்துக் கரடியை வரவழைப்பதையும், நாய்களை விட்டுத் துரத்தி மரத்தில் ஏற்றுவதையும் 1996-ல் மக்கள் வாக்கெடுப்பில் தடை செய்துவிட்டார்கள். கொலராடோ 1992-லும் ஒரிகன் 1994-லும் இதே வழியில் போயிருந்தன. ஆளும் கரடியும் சமமாக மலையில் நிற்கிறார்கள், இதுதான் நியாயமான முறை என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பைக் கொஞ்சம் அசைத்தவர் என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர். நாற்பது வருடமாக மலை ஏறுகிறவர். "இரைக்கு வந்த கரடி பக்கத்துலயே நின்னு தின்னும். ஆணா பெட்டையா, பின்னால குட்டி வருதான்னு நிதானமாப் பார்க்கலாம். மரத்துல ஏறினதை நிமிர்ந்து பார்த்து, வேண்டாம்னா நாயைக் கூட்டிட்டுத் திரும்பிடலாம். மலைச்சரிவுல அந்த அவகாசம் கிடையாது. அதை நீயா உண்டாக்கிக்கணும்" என்றார். பழைய முறைகள் திரும்பி வர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சட்டம் எடுத்துக்கொண்டதை வேட்டைக்காரர் தன் பொறுமையால் ஈடுகட்ட வேண்டும் என்பதுதான் அவர் கட்சி.

ஒரு செப்டம்பரில் அவரோடு காஸ்கேட் மலைக்குப் போனேன். அவரிடம் துப்பாக்கி, என்னிடம் பைனாகுலர். விடியும் முன்பே முகட்டை ஒட்டி உட்கார்ந்துவிட்டோம். எதிரே பல வருடங்களுக்கு முன் தீ தின்ற சரிவு. இப்போது அது முழுக்க ஹக்கில்பெரி என்னும் கருநீலக் காட்டுப்பழப் புதர், இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. குளிர்கால உறக்கத்துக்கு முன் கரடிக்கு அகோரப் பசி. நாளில் இருபது மணி நேரம்கூடத் தின்னும், 20,000 கலோரி வரை சேர்க்கும். ஆகவே கரடியைத் தேடாதே, பழத்தைத் தேடு என்பார். பழம் முதலில் அடிவாரத்தில் கனியும், பிறகு மேலே மேலே கனிந்துகொண்டே போகும், கரடியும் கூடவே ஏறும். வழியில் கிடந்த கருநீல எச்சத்தைக் குச்சியால் பிரித்துக் காட்டினார். பழத்தோலும் இலையும் அரைகுறையாகக் கிடந்தன. ஈரம் காயவில்லை.

பைனாகுலரை ட்ரைபாடில் பொருத்தச் சொன்னார். கையில் பிடித்தால் நடுங்கும், நடுங்கினால் கண் ஏமாறும். சரிவை மனத்துக்குள் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் நான் கண்ட கரடிகள் எல்லாம் கருகிய மரக்கட்டைகள். பிறகு ஒரு கட்டை நகர்ந்தது.

என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். காதைப் பார் என்றார். காது பெரிதாகத் தலை உச்சியில் நின்றால் இளசு. சின்னதாக, பக்கவாட்டில் ஒதுங்கித் தெரிந்தால் முதிர்ந்தது. அதன்பின் கரடியை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள புதர்களைப் பார்க்கச் சொன்னார். ஹக்கில்பெரிப் புதர் இடுப்பளவு இருக்கும். அந்த வருடம் பிறந்த குட்டி அதற்குள் முழுசாக மறைந்துவிடும்.

காற்றும் கணக்கில் வரும். வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேல்நோக்கிப் போகும், பொழுது சாய்ந்தால் குளிர்ந்து கீழே இறங்கும். பகலில் கரடிக்கு மேலேயும் மாலையில் கீழேயும் இருக்க வேண்டும். மூக்குதான் அதற்கு எல்லாம். அவர் சட்டைப் பையில் ஒரு பவுடர் புட்டி எப்போதும் இருக்கும். அழுத்தினால் புகைபோல ஒரு துளி எழும், அது போகும் திசையைப் பார்த்துத்தான் அடி வைப்பார். அன்று அடி வைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் பார்த்தும் குட்டி இல்லை என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. கரடி முகட்டைத் தாண்டிப் போயிற்று. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்படித் தோன்றியதே எனக்கு ஆச்சரியம். நானா இது என்று வண்டியில் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.

அதே மாதக் கடைசியில் ஓர் இளைஞர் உறையை நேரில் கொண்டுவந்தார். தபாலில் போட்டிருக்கலாம். பெட்டைக் கரடி என்று படிவத்தில் எழுதியிருந்தார். கொடுத்துவிட்டும் நின்றுகொண்டே இருந்தார். தோலை உரிக்கும்போது மடியில் பால் இருந்தது என்றார். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "பத்து நிமிஷம் இருக்கும். தனியாத்தான் இருந்துச்சு." மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்த இடத்துக்குப் போய்த் தேடியிருக்கிறார். எதுவும் கண்ணில் படவில்லை. என்னிடம் சொல்லச் சமாதானம் எதுவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

பல்லின் வேரைத் துணிபோல மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தில் இருப்பதுபோல வளையங்கள் தெரியும். ஆண்டுக்கு ஒன்று. பெட்டைக் கரடியிடம் இன்னொன்றும் உண்டு. குட்டி வளர்த்த ஆண்டின் வளையம் ஒடுங்கியிருக்கும், மற்ற ஆண்டில் அகன்றிருக்கும். தாய் தன் உடம்பிலிருந்து கொடுத்தது அங்கே பதிவாகிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து உறைகளை மேசையில் வீசிப் போட என்னால் முடிந்ததில்லை.

ஆய்வக முடிவுகள் வர மாதக்கணக்காகும். அவை வந்தபோது மலை முழுக்கப் பனி மூடியிருந்தது. அந்த இளைஞரே தொலைபேசியில் அழைத்து வயது என்ன என்று கேட்டார். ஒன்பது என்றேன். வேறு ஏதாவது தெரிந்ததா என்றார். வளையங்களைப் பற்றிச் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. நானும் வைக்கவில்லை.